சாகும் நேரத்திலும் பள்ளிக்கு நூறு பவுண்டு: ஹாஸ்டல் பையன் ரூதர்ஃபோர்டின் கதை

1937 அக்டோபர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு மருத்துவமனை. குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை முடிந்து 66 வயது மனிதர் ஒருவர் படுத்திருக்கிறார். உடல்நிலை மோசமாகிக்கொண்டே போகிறது. பக்கத்தில் மனைவி மேரி. அவரிடம் அந்த மனிதர் சொன்ன கடைசி விஷயங்களில் ஒன்று ஆராய்ச்சியைப் பற்றியதல்ல. நோபல் பரிசைப் பற்றியதும் அல்ல. நெல்சன் காலேஜுக்கு நூறு பவுண்டு கொடுத்துவிட வேண்டும், மறந்துவிடக் கூடாது என்பதுதான்.

அக்டோபர் 19 அன்று அவர் இறந்தார். பெயர், எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. அணுவுக்குள் ஒரு கரு இருக்கிறது என்று உலகுக்குச் சொன்னவர். தங்கத் தகடு சோதனைன்னு பள்ளியில் படம் வரைந்து, பாகம் குறித்து மார்க் வாங்கியிருப்பீர்களே, அவரேதான்.

சரி, அந்த நெல்சன் காலேஜ் என்பது என்ன? கேம்பிரிட்ஜ் போலப் பெரிய பல்கலைக்கழகமா என்றால், இல்லை. நியூசிலாந்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கும் ஆண்கள் உயர்நிலைப் பள்ளி. அங்கே அவர் ஹாஸ்டலில் தங்கிப் படித்தது மூன்றே மூன்று வருடங்கள். அரை நூற்றாண்டு கழித்தும் அந்த மூன்று வருடங்கள் ஏன் நினைவில் நின்றன?

பெயரில் மட்டும்தான் காலேஜ்

நியூசிலாந்தில் இரண்டு பெரிய தீவுகள். தெற்குத் தீவின் வடக்கு ஓரத்தில், கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர் நெல்சன். அங்கே 1856 ஏப்ரலில் எட்டுப் பையன்களோடு தொடங்கியது இந்தப் பள்ளி. இன்று அந்த நாட்டின் மிகப் பழமையான அரசு உயர்நிலைப் பள்ளி என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கிலாந்தில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அரசுப் பள்ளி கிடையாது. ஈட்டன், ஹாரோ போன்ற, பெரும் பணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளிகளுக்குத்தான் அந்தப் பெயர். நியூசிலாந்துக்குக் குடியேறியவர்கள் அதன் வெளித்தோற்றத்தை அப்படியே கொண்டுவந்தார்கள். ஹாஸ்டல்களுக்கு 'ஹவுஸ்' என்று பெயர், லத்தீன் பாடம், தலைமை மாணவர், ரக்பி, எல்லாம் உண்டு. ஆனால் அங்கே பிரபுக்களின் பிள்ளைகள் என்று பெரிய கூட்டம் இல்லை. பண்ணைக்காரர், கடைக்காரர், தச்சர் வீட்டுப் பையன்களும்தான் அந்த பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது.

ரக்பி என்றதும் ஒரு தகவல். நியூசிலாந்து என்றாலே இன்று ரக்பிதான். அந்த நாட்டில் ரக்பி விதிகளின்படி நடந்த முதல் ஆட்டம் 1870 மே 14 அன்று நெல்சனில் நடந்தது. ஒரு பக்கம் ஊர் அணி, இன்னொரு பக்கம் நெல்சன் காலேஜ் பையன்கள். இங்கிலாந்தில் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த சார்லஸ் மன்றோ என்ற இளைஞர்தான் ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். பள்ளி அணி தோற்றது. அதற்கு அடுத்த ஆண்டுதான் ரூதர்ஃபோர்டு பிறக்கிறார்.

12 பிள்ளைகள், ஒரு நார் ஆலை

1871 ஆகஸ்ட் 30. நெல்சனுக்கு அருகே பிரைட்வாட்டர் பகுதி. அப்பா ஜேம்ஸ், ஸ்காட்லாந்தில் இருந்து சிறுவனாகக் கப்பலேறி வந்தவர். வண்டிச் சக்கரம் செய்வது, மர வேலை, பிறகு நார் ஆலை என்று கிடைத்த தொழிலையெல்லாம் செய்தார். அம்மா மார்த்தா, இங்கிலாந்தில் இருந்து வந்தவர், பள்ளி ஆசிரியை. மொத்தம் 12 பிள்ளைகள். அதில் எர்னஸ்ட் நான்காவது. பிறப்புப் பதிவிலேயே பெயரின் ஸ்பெல்லிங் தப்பு. ஆதார் கார்டில் பெயர் மாறி அலைந்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

வீட்டில் பணம் இல்லை. ஆனால் படிப்பு விஷயத்தில் அம்மா கறார். பத்து வயதில் எர்னஸ்டுக்குக் கிடைத்த ஒரு சின்ன இயற்பியல் புத்தகத்தை அவர் கடைசி வரை பத்திரமாக வைத்திருந்தார். பால்ஃபர் ஸ்டூவர்ட் என்பவர் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதியது அது. எளிய சோதனைகளைச் செய்து பார்த்து, அதிலிருந்து விதியைப் புரிந்துகொள்ளச் சொல்லும் புத்தகம்.

1883-ல் குடும்பம் ஹேவ்லாக் என்ற ஊருக்கு இடம்பெயர்ந்தது. அந்தமானில் ஹேவ்லாக் தீவு இருக்கிறதே, இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிவிட்டது, அதே ஆங்கிலேயத் தளபதியின் பெயர்தான் இந்த ஊருக்கும். அங்கே அப்பா நார் ஆலை வைத்தார். கடல், மலைகளுக்கு நடுவே உள்ளே புகுந்து வளைந்து வளைந்து போகும் இடம். பார்க்க அழகு. அந்த அழகான தண்ணீர்தான் 1886-ல் எர்னஸ்டின் இரண்டு தம்பிகளையும் எடுத்துக்கொண்டது. படகில் போன ஹெர்பர்ட்டும் சார்லஸும் மூழ்கினார்கள். அதற்கு முன்பே இன்னொரு தம்பி கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்திருந்தான். அந்த விபத்துக்குப் பிறகு அம்மா மார்த்தா வீட்டில் பியானோ வாசிப்பதையே நிறுத்திவிட்டார் என்று சொல்வார்கள்.

அந்தத் துக்கம் ஆறாத வீட்டில் இருந்துதான் அடுத்த வருடம் எர்னஸ்ட் ஹாஸ்டலுக்குக் கிளம்பினான்.

ஃபெயில் ஆன முதல் முயற்சி

கிளம்பியது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. ஹேவ்லாக்கில் இருந்தது தொடக்கப் பள்ளிதான். மேலே படிக்க நெல்சன் போக வேண்டும். அதற்கு ஹாஸ்டல் செலவு, கல்விக் கட்டணம். நார் ஆலை வருமானத்தில் இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது முடியாத காரியம். ஒரே வழி, மார்ல்பரோ மாவட்டக் கல்வி வாரியம் தரும் ஸ்காலர்ஷிப்.

முதல் தடவை எழுதியபோது எர்னஸ்டுக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை எழுதினான். 600-க்கு 580. ஸ்காலர்ஷிப் கையில் வந்தது. 15 வயதில், 1887-ல், நெல்சன் காலேஜ் ஹாஸ்டலில் பெட்டியை இறக்கினான்.

இந்த 'இரண்டாவது தடவை' என்பதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இவர் வாழ்க்கையில் அது திரும்பத் திரும்ப வரும்.

ஹாஸ்டலில் என்ன நடந்தது?

அந்தக் காலத்து நெல்சன் காலேஜில் அறிவியலுக்குப் பெரிய இடம் கிடையாது. லத்தீன், ஆங்கில இலக்கியம், வரலாறு, பிரெஞ்சு, கணிதம் இவைதான் முக்கியம். பிற்காலத்தில் அணுவைப் பிளந்தவர், இங்கே லத்தீனிலும் பிரெஞ்சிலும் பரிசு வாங்கிக்கொண்டிருந்தார் என்பது வேடிக்கைதான்.

அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் ஓர் ஆசிரியர். பெயர் வில்லியம் லிட்டில்ஜான். ஸ்காட்லாந்துக்காரர். கணிதமும் அறிவியலும் கற்றுக்கொடுத்தார். மேல் வகுப்பில் பையன்கள் ரொம்பக் குறைவு என்பதால், ஏறக்குறைய தனி டியூஷன் மாதிரியே ரூதர்ஃபோர்டுக்குப் பாடம் நடந்தது. வகுப்பு முடிந்தும் முடியவில்லை. இருவரும் நெல்சன் தெருக்களில் நடந்தபடியே கணக்குப் பேசுவார்கள், லிட்டில்ஜான் திடீரென நின்று தெருப் புழுதியில் குச்சியால் படம் போட்டு விளக்குவார் என்று அந்தப் பள்ளியில் ஒரு கதை உண்டு. இந்த லிட்டில்ஜான் பிறகு நெல்சனின் தலைமை ஆசிரியராகி, அங்கிருந்து மெல்பர்னின் ஸ்காட்ச் காலேஜுக்குப் போனார்.

ஹாஸ்டலில் இன்னொரு கதையும் சொல்வார்கள். ரூதர்ஃபோர்டு புத்தகத்தில் மூழ்கிவிட்டால் சுற்றி என்ன கலாட்டா நடந்தாலும் காதில் விழாது. மற்ற பையன்கள் பின்னால் வந்து புத்தகத்தால் தலையில் ஒரு போடு போட்டுவிட்டு ஓடுவார்களாம். அவர் நிமிர்வதற்குள் ஆள் இருக்க மாட்டான். ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இது புதுசா என்ன? ஆனால் அவர் வெறும் புத்தகப் புழு இல்லை. பள்ளி ரக்பி அணியில் ஆடினார். 1889-ல் பள்ளியின் தலைமை மாணவர்.

இதற்கு நடுவே, 1888-ல், அவருடைய குடும்பம் வடக்குத் தீவின் தாரனாகி பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அதாவது ஹாஸ்டலில் இருந்த பையனுக்கு வீடே கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அடுத்த கட்டம் பல்கலைக்கழகம். நாடு முழுவதற்கும் சேர்த்தே பத்து ஸ்காலர்ஷிப்தான். இதிலும் முதல் முயற்சியில் கிடைக்கவில்லை. இரண்டாவது முயற்சியில் அந்தப் பத்தில் ஒன்று கிடைத்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இந்த இரண்டு பரீட்சைகளில் ஏதாவது ஒன்றை மறுபடி எழுத வாய்ப்பு இல்லாமல் போயிருந்தால், அப்பாவின் ஆலையில் நார் உரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடுவார்கள் என்று நாம் சொல்வதெல்லாம் வந்தவர்களை மட்டும் வைத்துத்தான். அதே ஊரில் அதே பரீட்சையில் இடம் கிடைக்காமல் போன பையன்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெண் பிள்ளைகளுக்கு நெல்சனில் தனிப் பள்ளி வந்ததே 1883-ல்தான். அதன் முதல் தலைமை ஆசிரியை கேட் எட்ஜர், நியூசிலாந்தில் பட்டம் வாங்கிய முதல் பெண்.

ரூதர்ஃபோர்டு படித்த பள்ளிக் கட்டடம் இன்று இல்லை. 1904 டிசம்பரில் தீப்பிடித்து அழிந்தது. பள்ளி மட்டும் மறுபடி எழுந்தது. இன்றும் அங்கே வெளியூர்ப் பையன்கள் தங்கிப் படிக்கிறார்கள். இரண்டு ஹாஸ்டல்களில் ஒன்றின் பெயர் ரூதர்ஃபோர்டு ஹவுஸ்.

ஆசிரியர் வேலைக்குக்கூட எடுக்கவில்லை

1890-ல் கிறைஸ்ட்சர்ச் நகரின் கேன்டர்பரி காலேஜ். பி.ஏ., பிறகு எம்.ஏ., கணிதத்திலும் இயற்பியலிலும் முதல் வகுப்பு, அப்புறம் பி.எஸ்சி. மாணவர்கள் அங்கி மாட்டி வைக்கும் ஒரு நிலவறைதான் அவருக்குக் கிடைத்த ஆய்வுக்கூடம். அங்கே உட்கார்ந்து, வேகமாக மாறும் மின்சாரம் இரும்பின் காந்தத்தன்மையை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார். ஒரு விநாடியை லட்சம் கூறு போட்டு அதில் ஒரு கூறை அளக்கும் கருவியைத் தானே செய்துகொண்டார். வாங்கக் காசு இல்லை, செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

தங்கியிருந்தது மேரி நியூட்டன் என்ற விதவைப் பெண்ணின் வீட்டில். மதுவிலக்குக்காகவும் பெண்களின் வாக்குரிமைக்காகவும் போராடிய இயக்கத்தில் முன்னணியில் இருந்தவர் அவர். 1893-ல் உலகிலேயே முதல் நாடாக நியூசிலாந்து பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கொடுத்தபோது, ரூதர்ஃபோர்டு அந்த அலையின் நடு வீட்டிலேயே இருந்தார். வீட்டுக்காரரின் மகள், அவர் பெயரும் மேரிதான், ரூதர்ஃபோர்டின் காதலி ஆனார். கல்யாணம் செய்ய நிலையான வேலை வேண்டும். பள்ளி ஆசிரியர் வேலைக்கு மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் கிடைக்கவில்லை.

கையில் மூன்று பட்டம், வேலை இல்லை. லிங்க்ட்இன் காலத்துப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள், 1894-லும் அதுதான் நிலைமை.

மிச்சம் இருந்தது ஒரே வாய்ப்பு. லண்டனில் 1851-ல் நடந்த மாபெரும் கண்காட்சியின் லாபத்தில் இருந்து, பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் மாணவர்களுக்கு ஆராய்ச்சி ஸ்காலர்ஷிப் கொடுத்தார்கள். நியூசிலாந்தில் அதற்குப் போட்டியிட்டது இரண்டே பேர். தேர்வானவர் ஜேம்ஸ் மெக்லாரின் என்ற வேதியியலாளர். ரூதர்ஃபோர்டு இரண்டாம் இடம். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தால், மெக்லாரின் திருமணமானவர், உள்ளூரிலேயே வேலை கிடைத்ததால் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஸ்காலர்ஷிப் ரூதர்ஃபோர்டுக்கு வந்தது.

சேதி வந்தபோது அவர் வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார் என்றும், மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு இதுதான் தன் கடைசிக் கிழங்கு என்று அறிவித்தார் என்றும் ஒரு கதை. நடந்ததோ இல்லையோ, கதை நன்றாகத்தான் இருக்கிறது.

காலனியில் இருந்து வந்த ஆள்

1895-ல் கேம்பிரிட்ஜ். வேறு பல்கலைக்கழகத்தில் படித்தவர்களை ஆராய்ச்சி மாணவர்களாகச் சேர்ப்பதற்கு அந்த ஆண்டுதான் அங்கே கதவு திறந்தது. கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே.ஜே. தாம்சனிடம் சேர்ந்த முதல் 'வெளியாட்களில்' ரூதர்ஃபோர்டும் ஒருவர். உள்ளூர் இளம் ஆசிரியர்கள் இந்தக் காலனிக்காரர்களைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்தார்கள். உயரமான உருவம், உரத்த குரல், விவசாயி போன்ற தோற்றம்.

நியூசிலாந்தில் இருந்து கொண்டுவந்த கருவியை வைத்து, கம்பி இல்லாமல் வரும் மின்காந்த அலைகளை அரை மைலுக்கும் அப்பால் இருந்து பிடித்துக் காட்டினார். அப்போது அது சாதனைத் தூரம். அதிலேயே போயிருந்தால் வானொலித் துறையில் பெரிய பணம் பார்த்திருக்கலாம். மார்க்கோனி அந்த வழியில் போனார். ரூதர்ஃபோர்டை தாம்சன் வேறு பக்கம் இழுத்தார். எக்ஸ் கதிர், அடுத்து கதிரியக்கம். யுரேனியத்தில் இருந்து வரும் கதிர்களில் இரண்டு வகை இருப்பதைக் கண்டு ஆல்ஃபா, பீட்டா என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

1898-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர். வயது 27, சம்பளம் ஆண்டுக்கு 500 பவுண்டு. வேலை உறுதியான பிறகுதான், 1900-ல், நியூசிலாந்து போய் மேரியைத் திருமணம் செய்துகொண்டார். ஐந்து வருடக் காத்திருப்பு.

மான்ட்ரியலில் பிரெடரிக் சாடி என்ற இளம் வேதியியலாளரோடு சேர்ந்து அவர் கண்டது அன்றைய அறிவியலுக்கு ஏறக்குறைய தெய்வக் குற்றம். ஒரு தனிமம் தானாகவே இன்னொரு தனிமமாக மாறுகிறது! இரும்பைத் தங்கமாக்குகிறேன் என்று சொல்லும் ரசவாதியோடு தங்களைச் சேர்த்துவிடுவார்கள் என்று ரூதர்ஃபோர்டே பயந்தாராம். 'அரை ஆயுள்' என்று இயற்பியலில் படிக்கிறோமே, கதிரியக்கப் பொருளில் பாதி சிதைய ஆகும் காலம், அந்தக் கருத்து இங்கே பிறந்தது. பாறைகளின் வயதைக் கணக்கிட இதையே கடிகாரமாகப் பயன்படுத்தலாம் என்பதும் அவர் காட்டிய வழிதான்.

1908-ல் நோபல் பரிசு. இயற்பியலுக்கு இல்லை, வேதியியலுக்கு! தான் பார்த்த மாற்றங்களிலேயே மிக வேகமானது, தான் இயற்பியலாளரில் இருந்து வேதியியலாளராக மாறியதுதான் என்று அவரே கிண்டல் அடித்துக்கொண்டார்.

தங்கத் தகடு

பெரும்பாலானோர் நோபல் பரிசுக்கு முன்னால்தான் பெரிய வேலை செய்வார்கள். இவர் அதற்குப் பிறகு செய்தார். 1907-ல் மான்செஸ்டருக்கு வந்திருந்தார். அங்கே ஹான்ஸ் கைகர் என்ற ஜெர்மானியர் உதவியாளர். எர்னஸ்ட் மார்ஸ்டன் என்ற 20 வயது மாணவனுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். மெல்லிய உலோகத் தகட்டின் மீது ஆல்ஃபா துகள்களை விட்டு, ஏதாவது திரும்பி வருகிறதா பார் என்று சொன்னார் ரூதர்ஃபோர்டு. எதுவும் வராது என்பதுதான் எல்லோருடைய நினைப்பும்.

ஏனென்றால் அப்போது அணுவை ஒரு தர்பூசணி மாதிரி நினைத்திருந்தார்கள். சதை முழுக்க நேர்மின்சுமை, விதைகள்போல அங்கங்கே எலக்ட்ரான்கள். அதில் துகளை அடித்தால் சும்மா ஊடுருவிப் போக வேண்டும். பெரும்பாலானவை போகத்தான் செய்தன. ஆனால் ஏறத்தாழ 8,000-ல் ஒன்று, சுவரில் அடித்த பந்துபோல வந்த வழியே திரும்பியது. இருட்டு அறையில் உட்கார்ந்து, திரையில் தெரியும் மின்னல் பொட்டுகளைக் கண்ணால் எண்ணிக் கண்டுபிடித்தது இது.

இதை வைத்துக்கொண்டு ரூதர்ஃபோர்டு இரண்டு வருடம் யோசித்தார். 1911-ல் விடை வந்தது. அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் நடுவில் ஒரு துளியில் குவிந்திருக்கிறது. சுற்றி வெற்றிடம். அணுவை சேப்பாக்கம் மைதானம் அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் கரு பிட்ச் நடுவில் கிடக்கும் ஒரு மிளகு அளவுக்குத்தான் வரும். நீங்கள் கையில் பிடித்திருக்கும் போனும் பெரும்பாலும் வெற்றிடம்தான்.

போர் வந்தது

1914-ல் முதல் உலகப் போர். ஒரே ஆய்வகத்தில் இருந்தவர்கள் எதிரெதிர் பக்கம் போனார்கள். கைகர் ஜெர்மன் ராணுவத்தில். மார்ஸ்டன் பிரிட்டிஷ் பக்கம். ஜேம்ஸ் சாட்விக் என்ற இன்னொரு மாணவர் பெர்லினில் மாட்டிக்கொண்டு போர் முடியும்வரை முகாமில் அடைக்கப்பட்டார். தனிமங்களை அணு எண் வரிசையில் நிறுத்திக் காட்டிய ஹென்றி மோஸ்லி, ரூதர்ஃபோர்டின் மிகச் சிறந்த மாணவர்களில் ஒருவர், 1915 ஆகஸ்டில் கலிப்போலி போர்முனையில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். வயது 27. இப்படிப்பட்ட ஆட்களைப் போர்முனைக்கு அனுப்பி வீணாக்கலாமா என்று ரூதர்ஃபோர்டு வெளிப்படையாகவே எழுதினார்.

அவரும் சும்மா இல்லை. தண்ணீருக்கு அடியில் வரும் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் சத்தத்தைப் பிடிக்கும் ஆராய்ச்சியில் பிரிட்டிஷ் கடற்படைக்காக வேலை செய்தார். கிடைத்த இடைவெளியில், ஆல்ஃபா துகளால் நைட்ரஜன் அணுவின் கருவை உடைக்க முடியும் என்பதைக் கண்டார். முடிவுகள் வெளிவந்தது 1919-ல். மனிதன் வேண்டுமென்றே ஓர் அணுக்கருவை மாற்றியது அதுதான் முதல் முறை.

சென்னையில் இருந்து ஒரு மாணவர்

1919-ல் தாம்சனின் நாற்காலியில், கேவண்டிஷ் ஆய்வகத்தின் தலைவராக ரூதர்ஃபோர்டு. ஒருகாலத்தில் இளக்காரமாகப் பார்க்கப்பட்ட காலனிக்காரருக்கு இப்போது முதலாளி இடம். அவரிடம் வேலை செய்தவர்கள், படித்தவர்களில் நோபல் வாங்கியவர்களை எண்ணினால் சாடி, நீல்ஸ் போர், சாட்விக், ஓட்டோ ஹான், பிளாக்கெட், காக்கிராஃப்ட், வால்டன், கபிட்சா என்று பட்டியல் நீளும். கருவுக்குள் மின்சுமை இல்லாத ஒரு துகள் இருக்க வேண்டும் என்று 1920-லேயே அவர் சொன்னார். 1932-ல் சாட்விக் அதைக் கண்டுபிடித்தார். அதுதான் நியூட்ரான்.

கோபக்காரர். ஆய்வகத்தில் கத்துவார். பிறகு தானே போய் சமாதானம் பேசுவார். குரல் சத்தத்தில் நுட்பமான கருவிகள் தடுமாறும் என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். ரஷ்யரான பியோத்தர் கபிட்சா அவருக்கு வைத்த பட்டப்பெயர் முதலை. ஆய்வகச் சுவரில் ஒரு முதலையையே செதுக்க வைத்துவிட்டார். அது இன்னும் அங்கே இருக்கிறது. ஆண்கள் பள்ளியில் வளர்ந்தவர் என்றாலும், கேம்பிரிட்ஜில் பெண்களுக்கும் முழு உரிமை வேண்டும் என்றவர்கள் பக்கம் நின்றார். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க 1948 வரை ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை.

ரூதர்ஃபோர்டுக்கு ஒரே மகள், ஐலீன். அவர் கணவர் ரால்ஃப் ஃபௌலர், கணித இயற்பியலாளர். 1930-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் முடித்துக் கப்பலேறி, இந்த ஃபௌலரிடம் ஆராய்ச்சி செய்ய கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்த 19 வயது இளைஞர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். பின்னாளில் நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய ஆய்வுக்காக நோபல் வாங்கியவர்.

அந்த 1930 டிசம்பரில்தான் ரூதர்ஃபோர்டின் வீட்டில் இடி விழுந்தது. நான்காவது பிரசவம் முடிந்த சில நாட்களில் ஐலீன் இறந்துபோனார். தேதி 23. ஒன்பது நாள் கழித்து, 1931 புத்தாண்டு அன்று, ரூதர்ஃபோர்டுக்கு லார்ட் பட்டம் அறிவிக்கப்பட்டது. கொண்டாடும் நிலையில் வீடு இல்லை. பட்டத்தோடு ஓர் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம். கேம்பிரிட்ஜையோ மான்செஸ்டரையோ அவர் எடுக்கவில்லை. நெல்சன் பிரபு ரூதர்ஃபோர்டு ஆனார். சின்னத்தில் ஒரு கிவி பறவை, ஒரு மாவோரி வீரர். நியூசிலாந்தில் இருந்த வயதான அம்மாவுக்குத் தந்தி போனது. இந்தப் பெருமை தன்னைவிட அம்மாவுக்குத்தான் அதிகம் சேரும் என்பது அதன் சாரம்.

கடைசி வருடங்கள்

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதப் பேராசிரியர்கள் வேலையில் இருந்து துரத்தப்பட்டார்கள். அவர்களுக்கு வேறு நாடுகளில் இடம் தேடித் தர பிரிட்டனில் உருவான கல்வியாளர் உதவிக் குழுவுக்குத் தலைவர் ரூதர்ஃபோர்டு. அந்த அக்டோபரில் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் ஐன்ஸ்டைன் பேசிய பெரும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியதும் அவரே. ஊர் விட்டு வந்தவனுக்கு ஓர் இடம் கிடைப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா?

தவறவும் செய்தார். அதே 1933-ல், அணுவில் இருந்து பயன்படும் அளவுக்குச் சக்தி எடுக்கலாம் என்பது வெறும் பிதற்றல் என்று ஒரு கூட்டத்தில் தள்ளிவிட்டார். அவர் இறந்து ஒன்றேகால் வருடத்தில், 1938 டிசம்பரில், மான்ட்ரியலில் அவரிடம் வேலை செய்த ஓட்டோ ஹானும் ஸ்டிராஸ்மனும் பெர்லினில் யுரேனியக் கருவைப் பிளந்தார்கள். ஹிரோஷிமா வரை என்ன நடந்தது என்பது தெரிந்ததுதான். அதை அவர் பார்க்கவில்லை.

அவருடைய சாம்பல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டனின் கல்லறைக்கு அருகே வைக்கப்பட்டிருக்கிறது. நியூசிலாந்தின் 100 டாலர் நோட்டில் அவர் முகம். 104-வது தனிமத்துக்கு அவர் பெயர்.

இறக்கும்போது அவருக்கு ஒரு பயணம் பாக்கி இருந்தது. 1938 ஜனவரியில் கல்கத்தாவில் இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழா. தலைமை தாங்க ஒப்புக்கொண்டிருந்தவர் ரூதர்ஃபோர்டு. அதற்கான உரையையும் எழுதி வைத்திருந்தார். அவர் இடத்தில் ஜேம்ஸ் ஜீன்ஸ் வந்து, அந்த உரையை மேடையில் வாசித்தார்.